உறைக்கு ஒரு கரண்டி

பேசினால் கேட்டுவிடுவான், எழுதினால் படித்துவிடுவான். அந்தச் சண்டையில் இரண்டு பக்கத்துக்கும் அதுதான் தலைவலி. எப்பேர்ப்பட்ட ரகசியக் குறியில் அனுப்பினாலும் இட்லி வேகிற நேரத்துக்குள் அதை உடைத்துவிடுகிற மெஷின் இரண்டு நாட்டிடமும் இருந்தது. வானத்தில் போகிற சேதியெல்லாம் குழாயடிப் பேச்சு மாதிரி ஆகிப்போனது. காகிதம், பென் டிரைவ் எதைக் கொண்டுபோனாலும் மேலே பறக்கிற கருவி மோப்பம் பிடித்துவிடும் என்று சொன்னார்கள். சொன்னார்கள் என்றுதான் என்னால் சொல்ல முடியும். நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அந்த மெஷினைப் பார்த்ததும் இல்லை, சொன்னவர்களை நம்பினதும் இல்லை.

எனக்குத் தெரிந்தது தோணி. தூத்துக்குடியிலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிப்போகிற மரத்தோணியில் சுக்கான் பிடிக்கிறவன் நான். பேர் சூசை. தோணியின் பேர் அந்திரேயா. தோணிக்குத் தலைவனைத் தண்டல் என்போம். எங்கள் தண்டல் கஸ்பார் மச்சாது, வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று மூடியே வைத்திருக்கிற ஆள். சமையலுக்கு என் மச்சினன் தொபியாஸ், என் பெண்டாட்டி பவுலினாளின் தம்பி. பாய்க்கும் இஞ்சினுக்குமாக இன்னும் இரண்டு பேர். அவ்வளவுதான் கூட்டம்.

தொபியாஸ் கடலுக்கு வருமுன் மதுரையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தவன். அங்கே ஒட்டிக்கொண்டது தயிர்ப் பைத்தியம். பால் பவுடரைக் கரைத்துக் காய்ச்சி, தோணி ஆட்டத்திலேயே உறை ஊற்றி, சட்டியைக் குழந்தை மாதிரி துணியில் சுற்றி வைப்பான். மீன் தின்கிற வாய்க்குத் தயிர் எதுக்குல என்று கேட்டால், "மீனு கடலுக்குச் சொந்தம் அத்தான். தயிரு ஒண்ணுதான் நாம செஞ்சது" என்பான். துறைமுகம் பூரா இது தெரியும். அந்திரேயாக்காரன் தயிர்க்காரன் என்றே எங்களைக் கேலி செய்வார்கள்.

ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் பவுலினாள் என்னிடம் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "அவனைக் கூட்டிட்டு வந்திருங்க." வெங்காயம் அழுகினால்கூட அவள் கேட்கமாட்டாள். தாய் தகப்பன் இல்லாமல் அவளே வளர்த்த பிள்ளை அவன்.

அந்தப் பயணம் கிளம்புகிற காலையில் ஒரு ஆபீசர் வந்தார். சீதாபதி என்று பேர். சட்டையில் மடிப்புக் கலையாத ஆள். மடிப்புக் கலையாத சட்டைக்காரன் துறைமுகத்துக்கு வந்தால் நமக்கு ஏதோ கலையப்போகிறது என்று அர்த்தம். வாயில் துணி கட்டின ஒரு சின்ன மண்பானையைத் தண்டல் கையில் கொடுத்து, தனியே கூட்டிப்போய் என்னவோ பேசினார். தண்டல் அதைக் கொண்டுவந்து அடுப்படியில், தொபியாஸின் சாமான்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

தொபியாஸ் என்னது என்று கேட்டான். தயிர் என்றார். யாருக்கு என்றான். மாலேயில் ஒருத்தருக்கு என்றார். அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து ரெண்டு வார்த்தை வந்ததே பெரிது என்று அவனும் விட்டுவிட்டான்.

வெயில் காலம். வழியில் தொபியாஸின் உறைமோர் நூல் விட்டுக் கெட்டுப்போனது. அதற்கப்புறம் அவன் செய்ததை எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். உறைமோர் கேட்டு வந்தவளை வெறும் தம்ளரோடு திருப்பி அனுப்புகிற வீடு எங்கள் தெருவில் கிடையாது. சண்டை போட்டு முகம் பார்க்காத வீட்டுக்குக்கூட உறைமோர் போகும். அதைத் திருட்டு என்றோ கடன் என்றோ யாரும் நினைப்பதில்லை. தொபியாஸ் பானைத் துணியை அவிழ்த்தான், ஒரு கரண்டி எடுத்தான், எடுத்த பள்ளம் தெரியாமல் மேலாகத் தடவிவிட்டுத் திரும்பக் கட்டினான். மாலேக்காரர் மனசு நோகக்கூடாது பாருங்கள்.

அன்றைக்கு உறைந்த தயிர் மாதிரி நான் தின்றதில்லை. கத்தியால் வெட்டலாம். தண்டல்கூட இரண்டாம் தடவை தட்டை நீட்டினார். என்ன தயிர் என்று அவர் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. மறுநாளும் அதிலிருந்தே உறை ஊற்றினான்.

எதிரிக்காரன் வந்தது நல்ல வெயிலில். கொடி இல்லாத சாம்பல் நிறக் கப்பல். அதிலிருந்து ஈ மாதிரி பறக்கிற கருவிகள் வந்து எங்கள் தலைமேல் நின்றன. இஞ்சினை நிறுத்தச் சொல்லித் தமிழிலேயே சொன்னது ஒன்று. வெங்காயத்தோணிக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் யோசிப்பதற்குள் தண்டல் அடுப்படிக்கு ஓடினார். பானையைத் தூக்கிக்கொண்டு வந்து கடலில் எறிந்தார். அடியில் ஈயக்கட்டி வைத்திருப்பார்கள் போல, கல் மாதிரி போனது.

எங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொள்ளைக்காரன் வருகிறான், எங்கள் தண்டல் தயிரைக் காப்பாற்றுகிறார். தொபியாஸ்தான் முதலில் வாய்விட்டான்.

"என்ன தண்டல், உறைக்கு எடுத்த கரண்டியையும் போடணுமா?"

தண்டல் திரும்பினார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. "எந்தக் கரண்டில?" என்றார்.

இவன் துணி சுற்றின சட்டியைக் காட்டினான். அதற்குள் கயிறு போட்டு ஏறிவிட்டார்கள். தோணியோரத்தில் துப்பாக்கியோடு ஆள் நிற்கிறான். தண்டல் பல்லைக் கடித்துக்கொண்டு, "அது அவன் கையில கிடைக்கக்கூடாதுல, எப்படியாவது தொலைச்சிரு" என்று மட்டும் சொன்னார். கடலுக்குப் போக வழியில்லை. தொபியாஸ் யோசிக்கவே இல்லை. சட்டியைத் தூக்கி வாயில் கவிழ்த்தான். அத்தனை தயிரையும் மடக் மடக்கென்று குடித்து, விரல் விட்டு வழித்து நக்கி, சட்டியைக் கவிழ்த்துக் காட்டினான். மீசையெல்லாம் வெள்ளை. ஏப்பமும் விட்டான்.

துப்பாக்கிக்காரன்கள் நேரே அடுப்படிக்குத்தான் போனார்கள். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அந்திரேயாவை எங்கள் கண்முன்னால் மூழ்கடித்தார்கள். எங்களை ஒரு தீவுக்குக் கொண்டுபோனார்கள். ஜெயில் மாதிரியும் இல்லை, ஆஸ்பத்திரி மாதிரியும் இல்லை. ஒரு டாக்டரம்மா வந்தாள். அவள் பாஷை நமக்குப் புரியாது. கழுத்தில் தொங்குகிற ஒரு மெஷின் அவள் பேசுவதைத் தமிழில் சொல்லும். எந்தப் புலவரிடம் படித்ததோ, சாமி சத்தியமாக நம் வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

"பெருமதிப்பிற்குரிய ஐயா, தங்கள் குடலில் எங்களுக்குத் தேவையான ஓர் ஆவணம் உள்ளது" என்றது.

எனக்குக் கையெழுத்தே ஒழுங்காக வராது தாயி, என் குடலில் யார் எழுதினது என்று கேட்டேன். அவள் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னாள். தயிரைத் தயிராக்குவது கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிர்கள். அது ஒவ்வொன்றின் உடம்புக்குள்ளும் நூல் மாதிரி ஒரு எழுத்து உண்டு, அதன் ஜாதகம் மாதிரி. அந்த நூலில் உங்கள் அரசாங்கம் சில பக்கங்களைச் சேர்த்து எழுதிவிட்டது. சண்டை ரகசியம். எந்தக் கருவிக்கும் அது வெறும் தயிர்தான். சரியானபடி படிக்கத் தெரிந்தவனுக்குக் கடிதம். பானையில் போனால் தூக்கிப் போட்டுவிடலாம். நீங்கள் தின்றுவிட்டீர்கள்.

"அப்ப நாங்கதான் தபால் பையா?" என்றான் தொபியாஸ்.

மெஷின் கொஞ்சம் யோசித்து, "ஆம், ஐயா" என்றது.

அன்றிலிருந்து எங்கள் மலத்தைத் தங்கம் மாதிரி வாங்கிக்கொண்டு போனார்கள். கேவலமாகத்தான் இருந்தது. ஆனால் தொபியாஸ் இருக்கிற இடத்தில் அழ முடியாது. "அத்தான், நான் இப்ப அச்சாபீசு. காலையில ஒரு பேப்பர், சாயங்காலம் மாலைப் பேப்பர்" என்பான். வயிறு சரியில்லாத அன்றைக்கு, இன்றைக்கு விளம்பரம் ஜாஸ்தி என்பான்.

பிறகு அவனைப் பிரித்தார்கள். ஏன் என்று கேட்டேன். அந்த உயிர் பெருகப் பெருக எழுத்தில் பிழை விழுகிறதாம், பார்த்து எழுதுகிற பிள்ளை பிழை விடுகிற மாதிரி. எங்கள் நாலு பேர் வயிற்றிலும் நாலு விதமாகக் கெட்டுப்போயிருந்தது. தொபியாஸ் மட்டும் சட்டியோடு குடித்தவன். அவனிடம்தான் எழுத்து நன்றாக இருந்தது. எங்களுக்கு மாத்திரை கொடுத்துக் கழுவிவிட்டார்கள். அவனைக் கண்ணாடி அறையில் வைத்தார்கள். மீன் இல்லை, காரம் இல்லை, சோறுகூட இல்லை. பால். வேளாவேளைக்குப் பால். மற்றதெல்லாம் எழுத்தைக் கெடுக்குமாம்.

நான் தினம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் போய் நிற்பேன். சத்தம் கேட்காது. அவன் முதலில் நெஞ்சைத் தட்டி நடித்துக் காட்டினான், பேப்பர் போடுகிற மாதிரி. பிறகு கையை மட்டும் ஆட்டினான். பிறகு பார்த்தான், அவ்வளவுதான். கன்னம் ஒட்டிக்கொண்டே வந்தது. அவன் அக்காளுக்கு நான் என்ன சொல்லுவது என்பதைத் தவிர என் மண்டையில் வேறு ஒன்றும் ஓடவில்லை.

ஒரு நாள் டாக்டரம்மாவே என்னைக் கூப்பிட்டாள். மெஷினைத் தணிவாக வைத்துக்கொண்டு கேட்டாள். சாதாரணத் தயிர்க் கிருமி ஒரு வாரத்தில் வயிற்றைவிட்டுப் போய்விடும். இது போகமாட்டேன் என்கிறது. வயிற்றில் தங்கும்படி யாரோ மெனக்கெட்டுச் செய்திருக்கிறார்கள். பானையில் கொண்டுபோகிற கடிதத்துக்கு வயிற்றில் தங்குகிற கிருமி எதற்கு?

எனக்கு என்ன தெரியும்? ஆனால் அவள் கேட்ட கேள்வியில் ஒரு கதவு திறக்கிற மாதிரி இருந்தது. "அப்ப அது பொய்க் கடுதாசியா இருக்கும்மா. எங்க ஆளுங்க எதையும் ஒழுங்காச் சொல்லுற சாதி இல்ல. பொய்னு சொல்லி அவனை விட்டுருங்க" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். நான் இதை மேலே சொன்னேன், கேட்கவில்லை என்றாள். இப்போது நீங்கள் சொன்னதையும் சொல்லலாம். பொய் என்று நீங்களே சொல்வதால் அது உண்மை என்று இன்னும் உறுதியாக நம்புவார்கள்.

உண்மை என்று சொன்னால் வைத்துக்கொள்வான். பொய் என்று சொன்னாலும் வைத்துக்கொள்வான். அன்றைக்கு நான் வாயை மூடினேன்.

கைதி மாற்றலில் எங்கள் நாலு பேரை விட்டார்கள். தொபியாஸை விடவில்லை. கடைசியாகக் கண்ணாடியில் அவன் உள்ளங்கையை வைத்தான், நானும் வைத்தேன். கண்ணாடி குளிர்ந்து கிடந்தது. வேறென்ன சொல்ல.

நம் துறைமுகத்தில் இறங்கியபோது சீதாபதி நின்றார். அதே மடிப்பு. எங்களை ஒரு வண்டியில் ஏற்றினார்கள். தண்டல் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தீவிலேயே பேச்சை முழுசாக விட்டுவிட்டார். சீதாபதி எனக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்து, முதுகில் தட்டி, "தயிர் நல்லா உறைஞ்சுதா?" என்று கேட்டார்.

நல்லா உறைஞ்சுது சார் என்று சொல்லிவிட்டேன். பழக்கதோஷம். வண்டி பாலம் ஏறி இறங்கும்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்டல் பானையைக் கடலில் போட்டார். உறை ஊற்றின சேதி தோணியில் இருந்த எங்களுக்கும் எதிரிக்காரனுக்கும்தான் தெரியும். நாங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை. இவருக்கு யார் சொன்னது?

அதைத்தான் கேட்டேன். அவர் மறைக்கக்கூட மெனக்கெடவில்லை. எங்கள் மாதிரி ஆட்களிடம் மறைத்து என்ன என்று நினைத்திருப்பார்.

"பானையை வீசலைன்னா அவங்க நம்பமாட்டாங்க, பெரியவரே. வீசிட்டா அவங்களுக்குக் கடிதம் கிடைக்காது. ரெண்டும் நடக்கணும்."

"அதுக்கு?"

"தோணியிலேயே உறை ஊத்துற சமையல்காரர் யாருன்னு விசாரிச்சோம். துறைமுகத்துல எல்லாரும் அந்திரேயான்னு சொன்னாங்க."

கடிதம் பொய். நம் படை தெற்கே நிற்பதாக எழுதியிருந்தார்களாம். எதிரிக்காரன் நம்பித் தெற்கே போனான். வடக்கே ஒரு துறைமுகமும் அதைச் சுற்றின ஜனமும் தப்பித்ததாம். நாங்கள் போகிற பாதையை அவனுக்குச் சொன்னது யார் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். தப்பின ஜனத்தில் ஒரு ஆளைக் காட்டும், நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"என் மச்சினனைக் கேட்டு வாங்குங்க. உங்க வேலைதான் முடிஞ்சுதே."

"முடியலை. இன்னும் நம்பிக்கிட்டிருக்காங்க. நாம அவரைக் கேட்டுக்கிட்டே இருப்போம், பெரியவரே. கேட்கக் கேட்க, கடிதம் உண்மைன்னு அவங்க விடாம வச்சிருப்பாங்க."

"கேக்காம விட்டா?"

"பொய்னு தெரிஞ்சிரும். தெரிஞ்சா அந்தக் கோபத்தை யார் மேல காட்டுவாங்க? கையில இருக்கிறது அவர் ஒருத்தர்தான்."

பிறகு தணிந்த குரலில், இது வெளியே போனால் மச்சினன் உயிர் உங்கள் கணக்கு என்றும் சொன்னார். மிரட்டலா, புத்திமதியா? எனக்கு இரண்டும் ஒரே வாடைதான்.

வீட்டு வாசலில் பவுலினாள் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தெருமுனைவரை பார்த்தாள். "அவன் எங்க?" என்றாள். பிடித்து வைத்திருக்கிறார்கள், வருவான் என்றேன். அதற்குமேல் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் சொல்லியிருப்பேனா தெரியாது.

அவள் என்னைப்போல் சும்மா உட்காருகிறவள் இல்லை. கலெக்டர் ஆபீசுக்குப் போனாள், கோயில் சாமியாரைக் கூட்டிக்கொண்டு மந்திரி வீட்டுக்குப் போனாள். விரட்டுவார்கள் என்று நினைத்தேன். நாற்காலி போட்டார்கள். சீதாபதியே வீட்டுக்கு வந்து அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். டிவிக்காரர்களையும் அவரே அழைத்துவந்தார். அவள் தொபியாஸின் போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு அழுத அழுகையை நாடு பூரா பார்த்தது. எதிரி நாட்டிலும் பார்த்திருப்பான். அதற்குத்தானே. பொய்க் கடிதத்துக்கு அவள் கண்ணீரில் முத்திரை குத்தினார்கள்.

"எல்லா மனுவுலயும் 'எங்கள் ஆவணத்தைத் திருப்பித் தருக'ன்னு இருக்கு. ஆவணம்னா என்னங்க?" என்று ஒருதரம் கேட்டாள்.

"தம்பியைத்தான் அப்படிச் சொல்லுதாங்க."

"அப்ப சரி" என்று கையெழுத்துப் போட்டாள்.

நீங்களும் வந்து கத்துங்க, ஆம்பிளைச் சத்தம் கேட்டாத்தான் மதிப்பான் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போவாள். போவேன். கத்துவேன். கத்தினால் அவனுக்குப் பூட்டு, கத்தாவிட்டால் அவனுக்குக் குழி. இதை வைத்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்தியவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். வீட்டுக்கு வந்ததும் அவள் எனக்குச் சுக்குத்தண்ணி வைத்துக் கொடுப்பாள். அதைத்தான் என்னால் விழுங்க முடியாது.

ஒருவழியாகச் சண்டை முடிந்தது. நாங்கள்தான் ஜெயித்தோம் என்று இரண்டு ஊரிலும் வெடி போட்டார்கள். கைதிகளை ஏற்றிக்கொண்டு கப்பல் வந்தது. இனிமேல் பொய் வெளியே தெரிந்தால் என்ன, அவனை வைத்து அவர்களுக்கு என்ன லாபம் என்று எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்துவிட்டது. பவுலினாள் மீன் குழம்பு வைத்து, பால் காய்ச்சி, உறை ஊற்றிவிட்டுத்தான் துறைமுகத்துக்கு வந்தாள். கடைசி ஆள் இறங்கி, ஏணியை எடுக்கிறவரை நின்றோம்.

ஆபீசில் சீதாபதி இல்லை, மாற்றலாகிப் போய்விட்டார். புதுசாக ஒரு பெண் இருந்தாள். நல்ல பிள்ளை, எங்களை உட்காரச் சொல்லித் தேடிப் பார்த்தாள். தேடத் தேட அவள் முகம் மாறியது.

"அவர் பேர் ஆட்கள் பட்டியல்ல வரலை ஐயா. ஒப்பந்தப்படி ஆட்களை உடனே அனுப்பணும். கைப்பற்றின ஆவணங்களை மட்டும் முப்பது வருஷம் வச்சிருந்து திருப்பிக் குடுக்கலாம். அவரை ஆவணத்துல சேர்த்திருக்காங்க."

"யாரும்மா சேர்த்தது?"

அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "நாமதான் ஐயா. நம்ம பக்கத்துலேருந்து போன எல்லா மனுவுலயும் அப்படித்தான் கேட்டிருக்கோம்."

இது தப்பு, திருத்தச் சொல்லி எழுதுவோம் என்றாள். எழுதினாளா தெரியாது. எழுதியிருந்தாலும் எங்கேயோ ஒரு அலமாரியில் போட்டிருப்பான். ஆவணத்தை அங்கேதானே போடுவார்கள்.

பவுலினாளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பானை, கரண்டி, கண்ணாடி அறை, நாங்கள் கத்தின கத்து எல்லாம். அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டினால் தேவலை. அடுப்படியில் உறைந்து கிடந்த தயிர்ச்சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு கேட்டாள். "ஆவணத்துக்குச் சோறு போடுவாங்களாங்க?"

"பால் குடுப்பாங்க" என்றேன்.